பயிரைத் தின்னும் பன்றியைப் பற்றியும் படிக்கலாமா?

“ஊத்துக்கோட்டை பக்கம் ஒரு ஏக்கரில் வேர்க்கடலை போடுகிறோம். பாதியைக் காட்டுப்பன்றி கிளறிவிடுகிறது. மிச்சத்தை மயில் கொத்துகிறது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் எங்கள் மகள், வனவிலங்கு மேலாண்மைதான் படிப்பேன் என்கிறாள். ‘பயிரைத் தின்கிற பன்றியைப் பற்றிப் படிக்கவா காசு செலவழிப்பது?’ என்று அவள் அப்பா கோபப்படுகிறார். அரசுப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறதா? வேலை கிடைக்குமா?”

- ஒரு வாசகி, திருமுல்லைவாயில்.

அப்பாவின் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்துக்கு விடை தேடுவதும் இந்தப் படிப்பின் வேலைதான். விலங்குகளைக் காப்பாற்றுவது மட்டும் வனவிலங்கு மேலாண்மை அல்ல. எந்த விலங்கு எத்தனை இருக்கிறது, ஏன் வயலுக்கு வருகிறது, எங்கே தடுப்பது என்று கணக்கிடுவதும் அதில் அடக்கம். 2025-ம் ஆண்டு தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு எடுத்த முடிவைப் பாருங்கள். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயிகள் தாங்களாகச் சுடவோ, மின்வேலி போடவோ கூடாது. இதையெல்லாம் களத்தில் நடத்தப் படித்தவர்கள் வேண்டும். விவசாயி வீட்டுப் பிள்ளை அந்தப் பொறுப்புக்கு வந்தால், வயலின் வலியும் தெரிந்திருக்கும்.

இனி, படிப்பு விவரம். ‘வனவிலங்கு மேலாண்மை’ என்ற பெயரிலேயே தேடினால் இளநிலைப் படிப்பு எளிதில் கிடைக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக்கல்லூரியில் 4 ஆண்டு வனவியல் பட்டப்படிப்பு இருக்கிறது. அதில் வனவிலங்கும் ஒரு பாடம். விலங்கு மருத்துவத்தில் விருப்பம் என்றால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, வனவிலங்கு அறிவியலில் மேற்படிப்பு படிக்கலாம். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருந்தால் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நீட் தேவையில்லை.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 6-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

படித்து முடித்ததும் வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாது. ஆனால், வனவியல் படித்தவர்கள் வனத்துறைப் பணிகளுக்கான டி.என்.பி.எஸ்.சி தேர்வு, இந்திய வனப்பணித் தேர்வு, வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வு ஆகியவற்றை எழுதலாம். ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால், டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

விவசாயிக்கும் விலங்குக்கும் எப்போதும் பகைதான் என்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று உணர்ந்து, 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே பறவைகளைச் சுடுவதைத் தடுக்க ஆங்கிலேய ஆட்சியரிடம் முறையிட்டவர்கள் வேடந்தாங்கல் மக்கள்.

விண்ணப்பம் தொடங்கும்வரை ஒரு வேலை செய்யுங்கள். பன்றி வந்த நாள், சேதமான பரப்பு ஆகியவற்றை மகளையே குறித்துவைக்கச் சொல்லுங்கள். அதைப் படங்களோடு சேர்த்து, வனத்துறைக்கு இழப்பீட்டு மனுவையும் அவளே எழுதட்டும். அந்த மனுவை அப்பா கையில் கொடுத்துவிட்டு, அதன்பிறகு படிப்பைப் பற்றிப் பேசுங்கள்.