சோற்றில் ஓடும் மோட்டார்

ஸ்ரீபெரும்பூதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயிலுக்குப் போகும் சாலையில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்த்த நேயர்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டு முடித்த இளைஞர்கள், கம்பெனி பஸ்களின் ஜன்னல்களில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள். அவர்களில் ஒருவனுடைய தம்பி என் வகுப்பில் படிக்கிறான். சென்ற வாரம் உயிரணுவைப் பற்றிய பாடத்தின் நடுவே அவன் எழுந்து நின்றான்.

"ஸார், என் அண்ணன் ராத்திரி சாப்பிடாமலே வேலைக்குப் போகிறான். காலையில் வந்து ஒரு டீயைக் குடித்துவிட்டுப் படுத்து விடுகிறான். கேட்டால் பசியில்லை என்கிறான். சோறு இல்லாமல் அவனுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகாரம் உடம்பில் எரிகிறது என்று சொல்வது வழக்கம். நானும் பல வருஷங்கள் அப்படித்தான் கற்பித்தேன். அது முழுப் பொய்யல்ல. ஆனால் அடுப்பில் விறகு எரிவது போல் எரிந்தால் நாம் வெந்து போவோம் அல்லவா? உடம்பு கையாளும் தந்திரமே வேறு.

சோற்றிலுள்ள மாவுப்பொருள் குளுகோஸாகி, இரத்தத்தின் வழியே உயிரணுவுக்குள் நுழைகிறது. அங்கே முதலில் இரண்டு துண்டாகப் பிளக்கப்படுகிறது. இதற்குப் பிராணவாயு வேண்டாம், ஆதாயமும் அற்பம். பிறகு அந்தத் துண்டுகள் மைடோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அறைகளுக்குள் செல்கின்றன. அவற்றின் கரி, கரியமில வாயுவாக வெளியேறுகிறது. மிஞ்சிய எலெக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிச் சென்று, கடைசியில் பிராணவாயுவைச் சேர்ந்து தண்ணீராகின்றன. நாம் மூச்சு விடுவதே முக்கியமாக இந்தக் கடைசிக் காரியத்துக்காகத்தான்.

இந்தக் கைமாற்றத்தில் கிடைக்கும் சக்தி என்ன செய்கிறது தெரியுமோ? புரோட்டான்களை ஒரு மெல்லிய சவ்வின் மறுபுறத்துக்கு இறைத்துத் தேக்குகிறது. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிற்பதைப் போல் அவை அங்கே நிற்கின்றன. திரும்பி வர அவற்றுக்கு ஒரு மதகு உண்டு. அந்த மதகிலே ஒரு சக்கரம்! புரோட்டான்கள் பாயப் பாய அது விநாடிக்கு நூறு தடவைக்கு மேலும் சுழலும். ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. மூலக்கூறுகள் உண்டாகின்றன. பீட்டர் மிச்செல் என்ற ஆங்கிலேயர் 1961-ல் இந்தத் தேக்கத்தைப் பற்றி எழுதியபோது அநேகர் நம்பவில்லை. 1978-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. சக்கரம் சுழலுவதையே ஜப்பானிய விஞ்ஞானிகள் 1997-ல் மைக்ராஸ்கோப்பில் கண்டுவிட்டார்கள். மோட்டார் வண்டிகளைச் செய்யும் ஊரிலே, ஒவ்வொரு தொழிலாளியின் உடம்புக்குள்ளும் கோடானுகோடி மோட்டார்கள்!

ஏ.டி.பி. என்பது சில்லறைக் காசு மாதிரி. குளுகோஸ் பெரிய நோட்டு. அதைத் தசையிடம் நீட்டினால் வாங்கிக்கொள்ளாது. மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.

இந்தக் காசைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் சென்னையில் படித்தவர். பீமாவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் வாசித்த காலத்தில் காந்தியடிகளின் அழைப்புக்கிணங்கக் கதர் உடுத்தினார். அதனால் சத்திரசிகிச்சைப் பேராசிரியரான வெள்ளைக்காரரின் மனக்கசப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். மட்டுமே பெற்றார். பிறகு அமெரிக்கா சென்றார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார். ஹார்வர்டில் ஸைரஸ் பிஸ்கேயுடன் சேர்ந்து தசையை ஆராய்ந்து, 1929-ல் ஏ.டி.பி.யை வெளியிட்டார். ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே வருஷம் தனியாக அதைக் கண்டார். சுப்பராவ் 1948-ல் காலமானார். நான் பட்டம் பெறும் வரையில் அவர் பெயரை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. இரவு ஷிப்டுக்காரர்களின் குழந்தைகளுக்காவது நான் சொல்லி வருகிறேன்.

இனிப் பையனின் கேள்விக்கு வருவோம். உடம்பில் ஒரு சமயத்தில் இருக்கும் ஏ.டி.பி. சுமார் 50 கிராம்தான். ஆனால் செலவழித்து, திரும்பச் செய்து, மறுபடி செலவழித்து, ஒரு நாளில் புரளுவதோ ஏறக்குறைய நம் எடையளவு! ஒரகடத்துத் தொழிற்சாலைகள் உதிரிப் பாகங்களைக் குவித்து வைப்பதில்லை; அவ்வப்போது லாரியில் வரவழைக்கின்றன. அதே முறைதான். உற்பத்தி நின்றால் இருதயத்தின் கையிருப்பு சில விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆகவே தூங்கும்போதும் சக்கரம் ஓடியே தீர வேண்டும்.

சோறு வராவிட்டால் உடம்பு ஈரலில் வைத்திருக்கும் சர்க்கரையை எடுக்கும். கொழுப்பைக் கரைக்கும். மூளைக்குச் சர்க்கரை தேடித் தசையையும் அரிக்கத் தொடங்கும். "ஒரு வேளை பட்டினியால் ஒன்றும் ஆகாது. தினமும் இப்படியானால் உன் அண்ணன் தன் தசையைத்தான் செலவழிக்கிறான்" என்றேன்.

மணி அடித்தது. எல்லோரும் போன பிறகு பையன் மேஜையருகே வந்தான். "பசியில்லை என்பது பொய் ஸார். நான் காலேஜில் சேரப் பணம் சேர்க்கிறான்" என்றான்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் விழித்திருந்தான். அரசாங்க உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டிய காகிதங்களை எடுத்து வைக்கச் சொன்னேன். அவன் அம்மா மூவருக்கும் சோறு பரிமாறினாள்.