பரணில் உறங்கும் விளையாட்டுப் பெட்டி

பிள்ளைப்பருவத்து வீடியோ கேம் பெட்டியைப் புதிய தொலைக்காட்சியில் இணைத்துப் படம் கலங்கக் கண்டு வருந்தினீர்களா? குற்றம் பெட்டியினுடையதன்று. 1983இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிலி கம்ப்யூட்டரும், அதைப் பார்த்துச் செய்த போலிப் பெட்டிகளும் வரைவது அகலத்தில் 256, உயரத்தில் 240 புள்ளிகளே. அவ்வரிகளைப் புதிய தொலைக்காட்சி ஒன்றுவிட்டொன்றாய் வரும் பாதி வரிகளென்று தவறாகக் கொண்டு குழப்பிவிடுகிறது. அவ்வரிகளைச் சரியாய் அறிந்துகொள்ளும் அப்ஸ்கேலர் கருவியை இடையில் வைத்தால் இத்தவறு நேராது.

காஞ்சிபுரத்துச் சேலைக்குக் கிராஃப் தாளில் கட்டங்கட்டமாய் எழுதும் அன்னத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தை நான்காக்கலாம். நாலரையாக்கினால் கழுத்துக் கோணிவிடும். 1080 வரித் திரையை நிரப்ப நாலரை மடங்கு வேண்டும். அவ்வாசை வேண்டா! உயரத்தில் நான்கு, அகலத்தில் ஐந்து மடங்கு வையுங்கள்: 960, 1280. பழைய 4:3 வடிவம் தானே அமையும். மேலும் கீழும் அறுபது வரிகள் கறுப்பாய் நிற்கும், நிற்கட்டும். தொலைக்காட்சியில் ‘கேம்’ நிலையையும் இட்டால் பொத்தானுக்கும் துள்ளலுக்கும் இடையிலான தாமதம் குறையும். பழைய இரும்புக்காரரை அழைக்குமுன் இதைச் செய்து பாருங்கள்.