கலபுரகி ஒன்றும் கோர்டோபாவின் நகல் இல்லை

கர்நாடகத்தில் கலபுரகிக் கோட்டைக்குள் இருக்கும் ஜாமியா மசூதியைப் பற்றி இணையத்தில் தேடிப் பாருங்கள். சீக்கிரமே ஸ்பெயினின் கோர்டோபா மசூதி வந்துவிடும். 'அதைப் பார்த்துக் கட்டியது' என்பார்கள். இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி.

கட்டிய ஆண்டு 1367. பாமினி அரசு தொடங்கி 20 வருடம்தான் ஆகியிருந்தது. சுல்தான், முதலாம் முகமது ஷா. கட்டியவர் பெயர் ரஃபி, பூர்வீகம் ஈரானின் கஸ்வின் நகரம் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது.

டெல்லி ஜாமா மசூதியின் படம் பார்த்திருப்பீர்கள். பெரிய திறந்த முற்றம், ஒரு பக்கம் தொழுகைக் கூடம். இந்தியாவின் பெரிய மசூதிகள் பெரும்பாலும் இப்படித்தான். ரஃபி அந்த முற்றத்தையே எடுத்துவிட்டார். சுமார் 216 அடிக்கு 176 அடி, முழுவதும் கூரை. உள்ளே இருட்டாக இருக்காதா? மூன்று பக்கமும் அகலமான, தாழ்வான வளைவுகள் வெளியே திறக்கின்றன. வெளிச்சமும் காற்றும் அந்த வழியாக வரும். மேற்குச் சுவரை ஒட்டி ஒரு பெரிய குவிமாடம், நான்கு மூலைகளில் அதைவிடச் சிறியவை, நடுவில் வரிசை வரிசையாகக் குட்டிக் குவிமாடங்கள்.

பொறியியல் படித்தவனுக்கு இங்கேதான் சுவாரஸ்யம். குவிமாடம் தன் எடையைக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். பக்கத்தில் இன்னொரு குவிமாடம் இருந்தால் இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். கடைசி வரிசைக்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் தடித்த தூண்களோடு ஓரத் தாழ்வாரம் சுற்றி வருகிறது.

இப்போது கோர்டோபாவுக்கு வாருங்கள். அங்கே மெல்லிய தூண்கள், அவற்றின் மேல் இரண்டு அடுக்கு வளைவு, பெரும்பகுதிக்கு மரக்கூரை. முக்கியமாக, அங்கே முற்றம் இருக்கிறது! ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றம். கூரையும் வேறு, தூணும் வேறு, முற்றமும் வேறு. பிறகு எது நகல்? உள்ளே நின்றால் நாலாபுறமும் வளைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மூலம் தேடித்தான் ஆக வேண்டுமென்றால் ரஃபியின் ஈரான் பக்கம் தேடலாம்.

பாரிஸில் நம்மவர்கள் கடை வைத்திருக்கும் தெருவை 'குட்டி யாழ்ப்பாணம்' என்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது குட்டி எதுவும் இல்லை, அவனுடைய தெரு.

சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில்கள் பல கலபுரகி வழியாகத்தான் போகின்றன. விடுமுறையில் அந்தப் பக்கம் போனால் ஒரு நாள் இறங்குங்கள். வளைவுகளைப் படம் எடுக்கும் முன் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள்.