கல்லையும் கொஞ்சம் கவனிப்போம்



ஒக்டோபர் 6 வந்தால் நம் பாடசாலைகளில் ஆசிரியர் தினம் களைகட்டிவிடும். அதே நாளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பாறை, கனிமம், மண், நீரூற்று, நிலத்தோற்றம் என்று பூமி கொண்டிருக்கும் உயிரற்ற செல்வங்களுக்கான சர்வதேச புவிப் பல்வகைமை நாளாக அதை யுனெஸ்கோ 2021இல் அறிவித்தது. காட்டையும் யானையையும் காக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கல்லைக் காக்க வேண்டும் என்றால் பெரியவர்களே சிரிப்பார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு நாம் அப்படிச் சிரிப்பது நியாயமில்லை.

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. அடுத்த முறை போகும்போது பாறையின் முகத்தையும் பாருங்கள். கருமை குறைந்து வெளிறியிருக்கும். உடைந்த இடத்தில் கண்ணாடிபோல் மினுங்கும். குவார்ட்சைட் என்ற உருமாறிய பாறை அது. ஆதியில் நீருக்கடியில் படிந்த மணல், நிலத்தின் ஆழத்தில் புதைந்து, வெந்து, இறுகிக் கல்லாயிற்று. அது நடந்து 55 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அன்று இலங்கை ஒரு தீவல்ல. இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு கொண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் ஒட்டிக் கிடந்தது. நம் பாறைகளின் உறவுக்காரப் பாறைகள் அந்தாட்டிக்காவில் இன்றும் இருக்கின்றன.

இந்தக் கல் எளிதில் தேயாது. அயலில் இருந்த மென்மையான பாறைகள் அரிபட்டுப் பள்ளமாகக் கடல் உள்ளே புகுந்தது; வன்பாறை முனைகளாக எஞ்சி நின்றது. கொட்டியாரக் குடாவிலிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு ஆழ்கடலுக்கு இறங்குகிறது. பெருங்கப்பல்கள் கரையை அண்டுவதும், நீலத் திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வருவதும் அந்த ஆழத்தால்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஆசைப்பட்டதற்கும் அதுவே காரணம்.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் வருவோம். தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் உண்டாக்கிய ஊற்றுகள் என்பது நம் ஐதீகம். அந்தியேட்டிக் கிரியைக்கு இன்றும் அங்கே போகிறோம். அந்த நீரின் சூடு எரிமலையால் வருவதல்ல; இலங்கையில் உயிருள்ள எரிமலை ஏதுமில்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சூட்டில் காய்ந்து, மீண்டும் மேலேறுகிறது. ஐதீகமும் நிலவியலும் அந்தக் கிணற்றடியில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் ஒரு பிடி மணலை அள்ளினால் கை கனக்கும். கறுப்பாக இருப்பது இல்மனைட். வண்ணப்பூச்சுக்கு வேண்டிய தைத்தானியம் அதிலிருந்து வருகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ரூட்டைலின் செந்நிற மணிகளும் சிர்கோனின் நிறமற்ற மணிகளும் தெரியும். சிர்கோனுக்குள் அகப்பட்ட யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தே பாறைகளின் வயதைச் சொல்கிறார்கள். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். பூமியில் உருவானவற்றுள் இதுவரை கிடைத்த மிகப் பழைய கனிமத் துணுக்கு, அவுஸ்திரேலியாவில் எடுக்கப்பட்ட சுமார் 440 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு சிர்கோன் மணி.

இந்த ஆராய்ச்சி நமக்குப் புதிதும் அல்ல. கலை அறிஞராக உலகம் கொண்டாடும் ஆனந்த குமாரசுவாமி முதலில் ஒரு நிலவியலாளர். இலங்கைக் கனிம அளவீட்டுக்குத் தலைமை தாங்கியவர். தோரியனைட் என்ற கனிமத்தை 1904இல் கண்டெடுத்தவர்.

வீடு கட்டக் கல்லும் மணலும் கிரவலும் வேண்டும். அதை மறுப்பதற்கில்லை. வெட்டிய காட்டை மறுபடி நடலாம். உடைத்த மலையை நட முடியாது. எதை உடைப்பது, எதை விட்டுவைப்பது என்று தீர்மானிக்குமுன் அது என்ன கல், எப்படி வந்தது என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஒக்டோபரில் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது வெளியே கூட்டிச் செல்லுங்கள். தத்தம் ஊர்ப் பாறை, மணல், ஊற்று பற்றி அவர்கள் எழுதுவதை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்