ஜியோபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறுகிறீர்களா? எண்ணை மாற்றாதீர்கள்!

சிவகிரி வட்டார விவசாயிகளே! 2017-இல் வந்த ஜியோபோன், காய்ஓஎஸ் தளத்தில் இயங்குவது. 2018-இல் அதில் கிடைத்த வாட்ஸ்அப், 2025 தொடக்கத்தில் நின்றுவிட்டது. போனில் பழுதில்லை, பயன்படுத்துவோர் குறைந்த தளத்தை நிறுவனங்கள் கைவிடுகின்றன. சந்தை விலை, மானியப் பதிவு, வானிலை தரும் உழவன் செயலிக்கும் ஆண்ட்ராய்டு அல்லது ஐபோன் தேவை.

ஆகவே போனை மாற்றலாம். சிம் எண்ணை மாற்றாதீர்கள். பி.எம். கிசான் இ-கேஒய்சிக்கான ஓடிபி, ஆதாரில் பதிந்த எண்ணுக்கே வரும். எண் போனால் தவணை தடைபடலாம்.

பழைய போனைக் கொடுக்குமுன் பட்டா, மண்வள அட்டைப் படங்களை மெமரி கார்டுக்கு மாற்றுங்கள். செகண்ட் ஹேண்ட் போன் வாங்கினால் செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பாருங்கள். மிகப் பழைய பதிப்பு என்றால் வேண்டாம். அதிலும் வாட்ஸ்அப் ஓடாது.