கண்ணீர் ஈமானின் குறைவா?

“ஈமான் உறுதியாக இருந்தால் மனநோய் அணுகாது.” யாரோ சொல்லிவைத்த இந்த வாசகம் மார்க்கத்தின் தீர்ப்பைப் போல நம் வீடுகளில் வழங்கிவருகிறது. பிள்ளை பெற்ற இருபதாம் நாளில் காரணம் சொல்லத் தெரியாமல் அழும் பெண்ணிடம் இது கூறப்படுகிறது. குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் எழுந்தெழுந்து பார்த்து உறக்கம் இழந்தவளிடம் கூறப்படுகிறது. ஒளூவை முடிக்க இயலாமல் குழாயடியிலேயே நின்றுவிடும் இளைஞனிடமும் கூறப்படுகிறது. கூறுவோரிடம் நாம் ஒன்று கேட்கிறோம்: இதற்கு ஆதாரம் எங்கே?

திருமறையில் இல்லை. அங்கே காணப்படுவது இதற்கு நேர்மாறானது. மர்யம் (அலை) அவர்கள் பேறுகால வேதனையில் பேரீச்சமரத்தடியில் சாய்ந்து, இதற்கு முன்பே தம் உயிர் போயிருக்கலாகாதா என்று மனம் நொந்ததை 19ஆவது அத்தியாயம் மறைக்காமல் எடுத்துரைக்கிறது. அதற்கு வந்த மறுமொழி யாது? கண்டனமா? இல்லை. காலடியில் நீரோடை, உண்ணக் கனிந்த பழம், கண் குளிர்ந்திருக்குமாறு ஓர் ஆறுதல், வந்தவர்க்கெல்லாம் விடை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்றொரு விடுதலை! பச்சை உடம்புக்காரிக்குத் தேவையானவை அனைத்தும் அங்கே வந்துவிட்டன. குழந்தையை ஆற்றில் விட்ட மூஸா நபியின் தாயாருடைய உள்ளம் வெறுமையாகிப் போனதை 28ஆவது அத்தியாயம் சொல்கிறது. மகனை இழந்த துயரால் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப்போனதை 12ஆவது அத்தியாயம் சொல்கிறது. இவர்களுக்கா ஈமான் குறைவு?

நிபாஸுடைய பெண்ணுக்குத் தொழுகையையே மார்க்கம் விலக்கி வைத்தது. அதனைக் களாச் செய்யும் கடமையும் இல்லை. அதன் மிகுதியளவு ஹனஃபீ மத்ஹபில் நாற்பது நாள், ஷாஃபியீ மத்ஹபில் அறுபது நாள். படைத்தவன் தன் உரிமையையே தளர்த்திய நாட்களில் மாமியாரும் நாத்தனாரும் தம் உரிமைகளில் ஓர் இம்மியும் தளர்த்த மறுப்பதை என்னென்பது?

“நம் பாட்டிமார் பத்துப் பிள்ளை பெற்றார்களே, அவர்களுக்கு இந்த நோய் வந்ததா?” என்று கேட்பார்கள். வந்தது. ஜன்னி கண்டுவிட்டது, காற்றுக் கருப்பு பிடித்துவிட்டது என்று சொல்லி மூலை அறையில் ஒதுக்கப்பட்டவர்களை நம் ஊர்கள் மறந்துவிட்டன, அவ்வளவுதான். மேலும், பாட்டி பிள்ளை பெற்றபோது வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். இன்றைய சபராளியின் மனைவி நகரத்து அடுக்குமாடியில் தன்னந்தனியாக இருந்துகொண்டு, துபையிலிருக்கும் கணவனுக்குத் தொலைபேசியில் சிரித்துக் காட்டுகிறாள். வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மனநலக் கோளாறுக்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பெரும்பாலும் அது மனச்சோர்வே. தந்தையரும் இதற்கு விலக்கல்லர். அரிதாக, ஆயிரத்தில் ஓரிருவருக்கு, அறிவே கலங்கிப்போகும் நிலையும் நேர்வதுண்டு. அது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத அவசர நிலை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2009 முதல் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்துச் சிகிச்சை அளிக்கும் பிரிவு இயங்கிவருகிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நோயாளியின் உள்ளே இருந்து வாட்டுவது பெரும்பாலும் ஒரு பிடிவாதம்: எதிலும் எள்ளளவும் குறை இருக்கக் கூடாது என்பது. குழந்தை ஒரு வேளை பாலை மறுத்தால் ‘நான் கெட்ட தாய்’ என்று அவள் தீர்ப்பெழுதிக்கொள்கிறாள். பேச்சுவழிச் சிகிச்சை என்பது வேறொன்றுமில்லை. காழி சாட்சி கேட்பதுபோல அந்த எண்ணத்திடம் சாட்சி கேட்கப் பழக்குவதுதான். டொனால்ட் வினிகாட் எனும் ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1953இல் எழுதிய கட்டுரையொன்றில், குழந்தைக்குக் குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான தாயே போதும் என்னும் கருத்தை முன்வைத்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொன்னார்!

இதே பிடிவாதம் வணக்கத்திலும் புகுந்துகொள்கிறது. நாம் ஓதிக்கொடுத்த மாணவர்களுள் ஒருவர் ஹவுளுக்கரையில் முகத்தை மீண்டும் மீண்டும் கழுவிக்கொண்டிருப்பார்; அதற்குள் ஜமாஅத் முடிந்துவிடும். நிய்யத்து சரியாக அமையவில்லை என்று தக்பீரைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக ஒரு ரக்அத்தைத் தவறவிடுவோரும் உண்டு. பார்ப்பவர்கள் இதனைப் பேணுதல் என்று புகழ்வதுதான் வேதனை. பேணுதல் அன்று, வஸ்வாஸ். மும்முறைக்கு மேல் கழுவுவது மக்ரூஹ். முடித்தபின் எழும் ஐயம் பொருட்படுத்தத் தக்கதன்று. உறுதியை ஐயம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் வஸ்வாஸுக்காரர்களைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார்கள். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் எனும் உளவியலறிஞர் வெளியிட்ட முறை என்ன? கழுவத் தூண்டும் அச்சத்தை எதிர்கொள், ஆனால் மீண்டும் கழுவாதே. அச்சம் தானே தணியும்வரை பொறுத்திரு என்பதே. நம் ஃபுகஹாக்கள் விதியைத் தந்தார்கள். அதன்படி நடக்கும் வலுவை நோயாளிக்குப் படிப்படியாக வளர்த்துத் தருகிறார் சிகிச்சையாளர். இவ்விரண்டுக்கும் பகை எங்கே இருக்கிறது?

கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒருசேர ஆராய்ந்து அரபியில் ஒரு நூல் இயற்றினார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் வகுத்தார். மருத்துவர்கள் உடலை மட்டும் கவனித்து உள்ளத்தை விட்டுவிடுகிறார்களே என்று அந்நாளிலேயே குறைப்பட்டுக்கொண்டார். ஆகவே இதனை வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுமை என்பார், தம் சொந்த நூலகத்தின் கதவையும் திறந்து பாராதவர்.

ஓதிப்பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. ஓதுங்கள், துஆச் செய்யுங்கள். ஆனால் தாயத்துக்கும் தட்டெழுத்துக்கும் ஆறு மாதம் செலவிட்ட பிறகு மருத்துவரைத் தேடுவது தவக்குல் ஆகுமா? வைத்தியம் செய்துகொள்ளலாமா என வினவியவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் செய்துகொள்ளுமாறே விடை பகர்ந்தார்கள். முதுமையைத் தவிர எந்த நோயையும் அவர்கள் விலக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடவும் வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடைசெய்துள்ளது. சொல்லால் இடப்படும் சங்கிலிக்குத்தான் சட்டம் இல்லை.

சிகிச்சையாளர் எல்லாரும் தேர்ந்தவர் என்று நாம் சான்றளிக்கவில்லை. கட்டணத்தில் கண்ணாயிருப்பவர் அங்கும் உண்டு. தொழுகையே நோய்க்குக் காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்பவரும் உண்டு. அப்படிப்பட்டவரை விட்டு வேறொருவரிடம் செல்லுங்கள்; வஸ்வாஸ் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஓர் ஆலிமிடம் கேட்டு மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். வெளியே செல்ல இயலாதவர்கள் 2022இல் அரசு தொடங்கிய 14416 எனும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

ரமளான் நெருங்கும்போது இன்னொன்று நடக்கிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை உண்ணும் தாய்மார்கள், நோன்புக்காக மருத்துவரைக் கேளாமலே அதனை நிறுத்திவிடுகிறார்கள். திடீரென நிறுத்துவதால் நோய் திரும்பும். மருந்து வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். இயலாதெனில், நோயாளிக்கு நோன்பில் அளிக்கப்பட்ட சலுகை காய்ச்சல்காரனுக்கு மட்டும் உரியதன்று, அவளுக்கும் உரியதே.