பேர் மாறினால் பிள்ளையார் மாறுவாரா?

போன வாரம் ஆணி பிடுங்குகையில் லிங்க்கர் 'அன்ரிசால்வ்டு எக்ஸ்டர்னல்' என்று துப்பியது. உடனே மேனேஜர், "சென்னைப் பையன் ஃபங்ஷனே எழுதல" என்றார்.

காணிப்பாக்கம் பிள்ளையார்மேல் சத்தியம், ஃபங்ஷன் உள்ளேதான் இருந்தது! சி++ கம்பைலர் ஆர்க்யுமென்ட் வகையையும் பேரோடு ஒட்டும். எப்படி என்று ஸ்டாண்டர்டு சொல்லவில்லை. ஜிசிசி அடிக்கோடு, இசட் என்று ஆரம்பிக்கும், மைக்ரோசாஃப்ட் கேள்விக்குறியில். தெலுங்குக்காரர் ஒற்றைக் குறைத்து ஊர்ப்பேரைச் சொன்னால் அது வேறு ஊரா சாமி?

பழி போடுமுன் 'டம்ப்பின்' ஓட்டி, லைப்ரரியில் என்ன பேர் இருக்கிறதென்று பாருங்கள். கம்பைலர் தாண்டிப் போகும் ஃபங்ஷனுக்கு 'எக்ஸ்டர்ன் சி' போடுங்கள். போட்டதும் லிங்க் ஆனது. பையனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

விசா ஃபாரத்தில் நம் பேரை உடைத்தபோது நாம் காணாமலா போய்விட்டோம்?